கேம்பர் வண்டியில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வண்டிக்குள் விளக்கு மங்கினால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் குற்றம் சொல்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். வெளிக் கரண்டில் இரண்டு நாள் சொருகி வைத்தும், வண்டிக்குள் விளக்கையும் ஃபேனையும் ஓட்டும் வீட்டு பேட்டரி பாதிக்கு மேல் ஏறவில்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். இரண்டே வாரத்தில் அதுவும் அதே பாதியில் வந்து நின்றது. உண்மையான பழுது, நெகட்டிவ் வயரை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டின் அடியில் இருந்தது. மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது லக்குக்கும் (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) சட்டத்துக்கும் நடுவே துரு ஒரு தாள் கனத்துக்குப் படிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கியதும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது இன்னும் உறுத்துகிறது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். சார்ஜ் புறப்படும் இடத்தில் ஒரு தடவை, பேட்டரியின் கம்பத்தில் (வயர் மாட்டும் ஈய முனை) ஒரு தடவை வோல்ட்டை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வயரில் குறையில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ வோல்ட் தொலைகிறது. அந்த இடத்தைத் தேடிப் போனால் போதும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

கேம்பரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேறு, விளக்கு, தண்ணீர் மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் ஓட்டும் வீட்டு பேட்டரி வேறு. வீட்டு பேட்டரிக்குச் சார்ஜ் வரும் வழி பொதுவாக மூன்று. வெளிக் கரண்டில் சொருகும்போது, அந்த ஏசியை பேட்டரிக்கான டிசியாக மாற்றும் கன்வெர்ட்டர் அல்லது சார்ஜர் வழியாக வரும். ஓடும்போது எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கும் கருவி) வழியாக வரும். வெயிலில் சோலார் வழியாக வரும். எந்த வழியில் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்று பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மூன்றிலும் ஏறவில்லை என்றால் பழுது மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். அதாவது பேட்டரி, டெர்மினல், மெயின் ஃபியூஸ், பேட்டரியை வண்டியிலிருந்து பிரிக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்ச், நெகட்டிவ் இணைப்பு. ஒரு வழியில் மட்டும் ஏறவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு அந்த வழியைப் பாருங்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். வயரைச் சுற்றிக் கவ்வி டிசி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் வேலை பாதியாகும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே உதவாது. மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் சொருகி சார்ஜ் கரண்டை அளக்க முயல வேண்டாம். அதற்கு மேல் போகும் கரண்ட் மீட்டரின் ஃபியூஸையோ மீட்டரையோ எரித்துவிடும்.

மோதிரம், வாட்ச், உலோகக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனர் இரண்டு கம்பத்திலும் ஒருசேரப் பட்டால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தைத் திறக்க வேண்டியிருந்தால் வெளிக் கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திறக்க வேண்டும், அல்லது தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் சில எண்கள். சாதாரண ஈய-அமில பேட்டரி சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 முதல் 12.7 வரை காட்டினால் முழுசு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. சார்ஜரை நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமாக நிற்கும் வோல்ட் ஏமாற்றும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த வகை பேட்டரிக்கு 14.4 அளவு வரும், நிறைந்த பின் 13.2 முதல் 13.6 வரை இறங்கி நிற்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இந்தக் கணக்கு செல்லாது. அது முழுசாக இருக்கும்போது ஓய்வில் 13.3, 13.4 காட்டும், பாதி காலியானாலும் 13-க்கு மேலேயே நிற்கும். லித்தியத்தின் சார்ஜ் அளவை வோல்ட்டை வைத்து நம்பிச் சொல்ல முடியாது.

வெளிக் கரண்டில் சொருகியும் ஏறவில்லை

சொருகுவதற்கு முன் பேட்டரி கம்பத்தில் அளந்து எழுதி வையுங்கள். சொருகிய பின் மறுபடி அளங்கள். 13-ஐத் தாண்டி மேலே போனால் சார்ஜ் வந்து சேர்கிறது, பிரச்சினை வேறு. எண் அசையவில்லை என்றால் கன்வெர்ட்டரின் டிசி வெளியீட்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

அங்கேயும் ஒன்றும் இல்லையா? அப்படியானால் கன்வெர்ட்டருக்கு ஏசி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிரேக்கர் விழுந்திருக்கலாம். சில வண்டிகளில் கன்வெர்ட்டர் ஒரு சாக்கெட்டில் சொருகியிருக்கும், குலுக்கலில் கழன்று கிடக்கும். ஏசி வந்தும் வெளியீடு இல்லை என்றால் கன்வெர்ட்டரின் உள்ளேதான் பழுது.

கன்வெர்ட்டரில் 13.6 இருக்கிறது, பேட்டரியில் 12.3 தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். பழுது நடுவில் உள்ள வயரில்தான். முதலில் டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கும்போது அணைத்துவிட்டு மறந்துபோவது நிறைய நடக்கும். அடுத்தது கன்வெர்ட்டரின் முகப்பில் ஜோடியாக நிற்கும் இரண்டு பெரிய ஃபியூஸ்கள். பேட்டரியை ஒரு கணம் பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றி மாட்டினாலும் இவை எரியும், அதற்காகவே வைத்தவை. கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம், பிடுங்கி மீட்டரில் தொடர்ச்சி (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரண்ட் போகிறதா என்று) பாருங்கள். அதற்கு அடுத்தது பேட்டரி பெட்டியின் அருகே இருக்கும் பிரேக்கரோ ஃபியூஸோ.

இவை எல்லாம் சரி என்றால் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடும் சோதனைக்கு வாருங்கள். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா அறிகுறிக்கும் இதே சோதனைதான்.

பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், சார்ஜர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வயரில் கரண்ட் பாய்ந்தால்தான் குறை தெரியும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை சார்ஜரின் பாசிட்டிவ் முனையிலும் இன்னொரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் வையுங்கள். லக்கின் மேல் வைக்கக் கூடாது, கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். இரண்டும் ஒரே வயரின் இரு முனை என்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வரை போனால் பொறுத்துக்கொள்ளலாம். 0.5, 1 என்று காட்டினால் அந்த அளவு வோல்ட் வழியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பேட்டரி பக்கத்து முள்ளை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள். கம்பத்திலிருந்து லக்குக்கு, லக்கிலிருந்து ஃபியூஸின் இந்தப் பக்கத்துக்கு, அப்புறம் அந்தப் பக்கத்துக்கு. ஒரு இடத்தில் எண் சட்டென்று விழும். நீங்கள் இப்போது தாண்டி வந்த இணைப்புதான் குற்றவாளி. அதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்யுங்கள். பெரும்பாலோர் பாசிட்டிவை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். என் வண்டியில் பாசிட்டிவ் 0.1 தான் காட்டியது. நெகட்டிவ் பக்கம், சட்டத்துக்கும் லக்குக்கும் நடுவே மட்டும் 0.9 காட்டியது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பேட்டரியின் மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் தடவிவிட்டு முடுக்கினால் வேலை கெடும்.

சொருகினால் ஏறுகிறது, ஆனால் மணிக்கணக்காகியும் நிறையவில்லை

பழைய கன்வெர்ட்டர் சிலவற்றில் ஒரே வோல்ட்தான் வரும், 13.6 அளவில். அது பேட்டரியை முழுசாக நிரப்ப மிக நீண்ட நேரம் எடுக்கும். லித்தியத்துக்கு மாறியவர்கள் பழைய கன்வெர்ட்டரையே வைத்திருந்தால் இதே தொல்லைதான். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை தேவை.

இன்னொன்று, சார்ஜ் ஏறும்போதே உள்ளே எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். 20 ஆம்பியர் தரும் சார்ஜரில் ஃபேனும் விளக்கும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து 15 எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது 5 தான்.

இன்வெர்ட்டர் உள்ளவர்கள் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் வண்டியின் எல்லா சாக்கெட்டுக்கும் ஏசி கொடுக்கும்படி இணைத்திருந்தால், வெளிக் கரண்ட் இல்லாதபோதும் சார்ஜர் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டும், சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு மட்டும்தான் மிச்சம். சார்ஜர் விளக்கு எரிகிறதே, பேட்டரி ஏன் இறங்குகிறது என்று திகைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும்போது சார்ஜரின் பிரேக்கரை இறக்கிவிட்டால் தீர்ந்தது.

ஓடும்போது ஏறவில்லை

எஞ்சினை ஓட விட்டு முதலில் எஞ்சின் பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. அதே நேரம் வீட்டு பேட்டரியில் அளங்கள். இங்கே 12.4 நின்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள ரிலே (எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தானாகச் சேர்க்கும் ஸ்விட்ச்), அதன் இருபுறமும் இருக்கும் ஃபியூஸ்கள், வயர் இவற்றில் குறை. ரிலேயின் இரண்டு பெரிய முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். டக் என்று சத்தம் கேட்டதாலேயே ரிலே நல்லது என்று நம்ப வேண்டாம். அதன் காயில் (கம்பிச் சுருள்) இழுக்கும், உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கும்.

புது வண்டிகளில் வேறு சிக்கல். எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காக எஞ்சின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை ஏற்றி இறக்கும். சீராக ஓடும்போது 13-க்குக் கீழேயும் இறங்கும், பிரேக் பிடிக்கும்போது மேலே ஏறும். வோல்ட்டைப் பார்த்துச் சேரும் சாதாரண ரிலே 13.3 அளவில் சேர்ந்து 12.8 அளவில் பிரிந்துவிடும், அதனால் பாதி வழி சார்ஜே இருக்காது. இதற்கு டிசி-டிசி சார்ஜர்தான் சரியான தீர்வு. உள்ளே என்ன வோல்ட் வந்தாலும் பேட்டரிக்குத் தேவையான வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும். அது ஏற்கெனவே இருந்தும் ஓடவில்லை என்றால், எஞ்சின் ஓடுகிறது என்று அதற்குச் சொல்லும் மெல்லிய சிக்னல் வயரைப் பாருங்கள். பெரிய வயர்களை எல்லாம் இறுக்கிவிட்டு இந்த ஒற்றை வயரை விட்டுவிடுகிறோம்.

வீட்டு பேட்டரி லித்தியமாக இருந்தால் ஆல்டர்னேட்டரோடு நேரடியாகச் சேர்க்க வேண்டாம். உள் எதிர்ப்பு குறைவு என்பதால் அது கொடுக்கும் கரண்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றோட்டமும் குறைவு. சூடேறி எரிந்துபோகலாம்.

இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் வயரின் கனமே பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 6 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 12 மீட்டர் தாமிரம். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 0.6 வோல்ட் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அதே கரண்டுக்கு 2.5 வோல்ட் போக வேண்டும். அவ்வளவு விட்டுக்கொடுக்க வோல்ட்டே இல்லை, ஆகவே கரண்ட் நாலைந்து ஆம்பியராகச் சுருங்கிவிடும். இதற்கிடையில் ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டிருந்தால், கேஸிலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். நாள் முழுக்க ஓட்டி வந்தும் பேட்டரி புறப்பட்டதை விடக் குறைவாக இருப்பது இப்படித்தான்.

சோலார் இருந்தும் ஏறவில்லை

காலையில் பேட்டரி நிறைந்துவிட்டால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே கரண்டைக் குறைத்துவிடும். மதிய வெயிலில் அரை ஆம்பியர் காட்டுவது அப்போது பழுதல்ல. ஒரு ஃபேனைப் போடுங்கள், கரண்ட் உயர்ந்தால் எல்லாம் சரி.

உயரவில்லை என்றால் பேனலை ஒரு போர்வையால் மூடிவிட்டு, கன்ட்ரோலரிலிருந்து பேனல் வயரைக் கழற்றி, போர்வையை எடுத்துவிட்டு வெறும் வோல்ட்டை அளங்கள். 12 வோல்ட் பேனலுக்கு 18 முதல் 22 வரை வர வேண்டும். வோல்ட் வந்தும் கரண்ட் வரவில்லை என்றால் கூரையில் இருக்கும் இணைப்பியைப் பாருங்கள். சரியாகக் கவ்வாதது உள்ளே உருகிப் போயிருக்கும். வெயிலில் கரண்ட் பாயும்போது அதைப் பிடுங்கினால் பொறி பறக்கும், அதற்காகத்தான் போர்வை.

நிழல் கூடாது. கூரையில் இருக்கும் ஏர்கண்டிஷனர் பெட்டியின் நிழல், வென்ட் மூடியின் நிழல், உள்ளங்கை அகலம் விழுந்தாலும் பேனலின் ஒரு பகுதியே படுத்துவிடும். கன்ட்ரோலரைப் பொருத்தும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை, பேட்டரி சூடு

இதைக் கண்டால் அளப்பதெல்லாம் பிறகு. எல்லா சார்ஜையும் நிறுத்துங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து விடுங்கள், நெருப்பு பற்ற வைக்காதீர்கள். ஸ்விட்ச் எதையும் பேட்டரிக்கு அருகே தட்ட வேண்டாம். வெளிக் கரண்டை வண்டிக்கு வெளியே இருந்து பிடுங்குங்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதற்கு வாடை கிடையாது. வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு, அது நச்சு. உடல் பருத்த பேட்டரியை ஆறிய பிறகும் மறுபடி சார்ஜில் போட வேண்டாம்.

ஆறிய பிறகு காரணம் தேடுங்கள். சார்ஜர் 15-க்கு மேல் அனுப்பினால் சார்ஜரில் பழுது, அல்லது யாரோ சார்ஜரின் சமன்செய்யும் நிலையை (செல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஈக்வலைஸ்) அழுத்திவிட்டிருக்கலாம், அதில் 15.5 அளவு வேண்டுமென்றே போகும். சார்ஜர் சரியாக இருந்தும் சூடேறினால், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் (அறைகளில்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். மிச்சம் ஐந்து செல்லும் ஆறுக்கான வோல்ட்டைத் தாங்குகின்றன. வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்கு வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டும். வெப்ப உணரி வயர் சார்ஜரில் இருந்தால் அது கழன்றிருக்கிறதா பாருங்கள்.

லித்தியம் பேட்டரி பூஜ்யம் காட்டுகிறது

பெரும்பாலும் செத்துவிடவில்லை. உள்ளே பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை (பிஎம்எஸ்) இணைப்பைத் துண்டித்திருக்கிறது. ரொம்ப இறங்கியதால் பிரிந்திருந்தால், லித்தியம் நிலை உள்ள சார்ஜரை மாட்டினால் விழித்துக்கொள்ளும். வோல்ட் எதுவும் தெரியாத பேட்டரிக்குச் சில சார்ஜர்கள் சார்ஜ் அனுப்பவே மாட்டா, அதைக் கவனியுங்கள். குளிர் இன்னொரு காரணம். 0 டிகிரிக்குக் கீழே இந்த வகை பேட்டரியை சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும், ஆகவே நல்ல பலகை அங்கே சார்ஜைத் தடுத்துவிடும். அது பழுதல்ல. பேட்டரியை இதமாக்குங்கள், தானாக ஏறும்.

முழுசாக நிறைகிறது, விடியும்போது காலி

இரண்டு காரணம் உண்டு. எதுவோ ரகசியமாக இழுக்கிறது, அல்லது பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை.

முதலாவதைப் பிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வுங்கள். ரேடியோ, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு பலகை, கேஸ் கசிவுக் கருவி எல்லாம் எப்போதும் கொஞ்சம் இழுக்கும். அரை ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, 100 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாளில் பாதியாகிவிடும். அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். கேஸ் கசிவுக் கருவியை மட்டும் ஆட்கள் உள்ளே தூங்கும்போது துண்டிக்காதீர்கள். எவ்வளவு இழுத்தாலும் அது இருக்கட்டும்.

சுவரில் பேட்டரி அளவைக் காட்டும் பச்சை விளக்குகளை நம்பி முழுசு என்று முடிவு கட்ட வேண்டாம். சார்ஜர் ஓடும்போது அவை எப்போதும் முழுசையே காட்டும். ஷன்ட் (நெகட்டிவ் வயரில் பாயும் கரண்டை அளக்க வைக்கும் உலோகத் துண்டு) வைத்த மானிட்டர் நம்பகமானது, ஆனால் நெகட்டிவ் வயர்கள் எல்லாம் ஷன்ட்டின் லோடு பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வயர் நேராகக் கம்பத்துக்குப் போனாலும் அதன் வழியே போவது கணக்கில் வராது.

பேட்டரியின் மேல் சந்தேகம் வர ஒரு நல்ல அறிகுறி உண்டு. சார்ஜ் போட்ட சில நிமிடங்களிலேயே 14.4-க்கு மளமளவென ஏறி, சார்ஜர் உடனே நிறைந்துவிட்டது என்று சொல்லும், ஆனால் ஒரு விளக்குக்கே சரிந்துவிடும். தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போயிருக்கிறது. மூடி திறக்கும் வகை என்றால் முழு சார்ஜுக்குப் பிறகு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். எல்லா செல்லும் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்து நின்றால் அந்தச் செல் போய்விட்டது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் ஏற்றிய பின். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவு.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. முழுசாக ஏற்றி, ஓரிரவு ஓய விட்டு, 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிக்கு 5 ஆம்பியர் லோடு கொடுங்கள். 10 மணி நேரம் கழித்து லோடை நீக்கி ஓய விட்ட பின் 12.2 அளவில் நின்றால் பேட்டரி நல்லது. மூன்று நாலு மணி நேரத்திலேயே 11.5-க்குச் சரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு பேட்டரி சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதோடு சேர்த்த புதியது சீக்கிரமே அதன் நிலைக்கு இறங்கிவிடும். புதியதை மாட்டும் அன்றே லக்குகளையும் சட்டத்துப் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து முடுக்கி, சார்ஜர் ஓடும்போது கம்பத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பெட்டி மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.